காசநோயும் வாழ்க்கை நிலையும்

காசநோய் ஒரு வீட்டில் புகுந்தால் அடுத்தடுத்து இருவரையோ மூவரையோ பற்றுவதை நம்மவர் நெடுங்காலமாகக் கண்டு வந்துள்ளனர். அது குலத்தோடு வந்த நோய் என்றனர் சிலர். முற்பிறப்பின் வினை என்றனர் வேறு சிலர். பெண் கொடுக்கவும் எடுக்கவும் அஞ்சி அக்குடும்பத்தையே விலக்கி வைத்ததும் உண்டு. இக்கூற்றுகளில் உண்மை எவ்வளவு என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இந்நோயின் கிருமியைத் தாம் கண்டறிந்ததை பெர்லின் நகரில் அறிவித்தார். நோயாளி இருமும்போது அது காற்றில் கலந்து பிறரை அடைகிறது. ஆயினும் கிருமி புகுந்தோர் அனைவரும் நோயாளிகள் ஆவதில்லை. நூறு பேரில் ஐவர் முதல் பதின்மர் வரையே தம் வாழ்நாளில் நோயுறுகின்றனர்; ஏனையோர் உடல் அதனை அடக்கி வைத்துவிடுகிறது. அடக்கும் ஆற்றலைக் குறைப்பன எவை? நீரிழிவு, எச்.ஐ.வி. தொற்று, குழந்தைப் பருவம், முதுமை ஆகியவை உடலைச் சார்ந்தவை. பசி, புகையிலை, தூசி மிகுந்த தொழில் ஆகியவை வாழ்க்கையைச் சார்ந்தவை. காற்றோட்டமற்ற நெருக்கமான குடியிருப்போ கிருமி பரவுவதற்கே வழி செய்கிறது. இப்பிரிவு பாடத்தின் வசதிக்காகச் செய்ததே. உடலுக்குள் இவை தனித்தனியே நிற்பதில்லை.

கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களில் உழைத்தோருள் தமிழரே மிகுதி. பாறையைத் துளைக்கையில் எழும் சிலிகாத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய அணுக்கள் அத்தூசியையும் விழுங்கி மடிவதால், காசநோய் அங்கே எளிதில் இடம் பிடிக்கிறது. அத்தொழிலாளியின் நோய் உடலால் வந்ததா, தொழிலால் வந்ததா என்று எவர் பிரித்துரைக்க வல்லார்?

1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. நல்லுணவும் ஓய்வும் தூய காற்றும் உள்ள சானடோரியத்தில் கிடந்தால்தான் நோய் தீரும் என்பது அக்காலக் கொள்கை. ஏழைகளுக்கோ அங்கே இடமில்லை. ஆகவே 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் குடிசையிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். முடிவு 1959இல் வெளிவந்தது. குடிசையில் குறைவாக உண்டு, வேலையும் செய்தவர்கள், சானடோரியத்தார்க்கு ஏறத்தாழ ஒப்பவே குணம் பெற்றனர். உடனிருந்த குடும்பத்தாருக்கும் அதனால் தொற்று மிகவில்லை. நோயாளியை வீட்டைவிட்டு விலக்குவதற்கு இனி என்ன நியாயம் உண்டு? உலக நாடுகள் பலவும் வீட்டு மருத்துவத்தை மேற்கொண்டதற்கு இந்த ஆய்வே வழிகாட்டிற்று.

அவ்வாறாயின் உணவு வேண்டுவதில்லையோ எனச் சிலர் கேட்கலாம். அதற்கு விடை ஜார்க்கண்டிலிருந்து கிடைத்தது. 2019 முதல் அம்மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளையும் அவர்களுடன் வாழ்ந்த 10,345 பேரையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். குடும்பங்கள் பலவும் பழங்குடியினருடையவை. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் வழங்கப்பட்டது. வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தலைக்கு மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தனர். 2023இல் முடிவு வெளியாயிற்று: அவ்வாறு பெற்ற வீட்டாரிடையே புதிதாக நோயுற்றோர் 39 விழுக்காடு குறைந்தனர். புதிய மருந்தோ தடுப்பூசியோ அங்கே இல்லை, அரிசியும் பருப்புமே!

இரண்டு ஆய்வுகளும் ஒன்றை ஒன்று மறுப்பன அல்ல. வந்த கிருமியைக் கொல்வது மருந்து. குடிசையென்றோ மாளிகையென்றோ அது பார்ப்பதில்லை. நோய் எழாமல் காப்பதோ உடலின் சொந்த வேலை. அதற்குச் சோறு வேண்டும்.

வினையே காரணம் என்போர்க்கும் விடை பழையதே. சம்யுத்த நிகாயத்தில், மோலிய சீவகன் என்னும் பிற நெறித் துறவி, இன்பதுன்பம் யாவும் முன்வினையால்தானா என்று வினவுகிறான். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைப் பேணாமை, பிறர் தாக்குதல் ஆகியவற்றை முன்வைத்து, வினைப்பயனை எட்டாவதாகவே பகவான் கூறுகிறார். எல்லாம் வினையே என்போர் தாமே அறியக்கூடியதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்பது அவர் விடை.

சிகிச்சைக்குப் பதிவான நோயாளியின் உணவுக்கென இந்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் அளித்து வருகிறது. இத்தொகை நோயாளி ஒருவரைக் கணக்கிட்டது. உலையோ வீடு முழுவதற்கும் ஒன்று. ஆகவே நம் சங்கத்தார் அத்தகைய வீட்டிற்கு அரிசி எடுத்துச் செல்வாராயின், அங்குள்ளோரைத் தலையெண்ணி எடுத்துச் செல்வாராக. இரண்டு வாரத்திற்கு மேல் இருமுவோர் அவருள் இருப்பின், சளிப் பரிசோதனைக்கு அன்றே அரசு மருத்துவமனைக்கு உடனழைத்துச் செல்வாராக.