தை மூன்றாம் நாளுக்கு ரூம் தேடுபவர்களுக்கு

எனக்குச் சொந்த ஊர் அலங்காநல்லூர். பிழைப்பு மதுரை ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம், லாட்ஜ் ரிசப்ஷனில். சாவி கொடுத்தும் லெட்ஜரில் பெயர் எழுதியும் தலை நரைத்துவிட்டது. மார்கழி பிறந்தாலே, ஜல்லிக்கட்டை முதன்முறையாகப் பார்க்க வரும் பிள்ளைகள் போன் போட்டு, "அண்ணே, நல்ல ரூமா ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். அவர்களுக்கு வழக்கமாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. ரூமைத் தேடுவதற்கு முன்னால் எந்த ஊர் மாடு பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் எங்கள் ஊர். இது தமிழ்த் தேதி. இங்கிலீஷ் தேதி ஒரு நாள் முன்னே பின்னே போகும். 2024-இல் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு ஜனவரி 17, மறு வருடம் 16. போன தடவை வந்துபோன நண்பன் சொன்ன தேதியை நம்பிப் பணம் கட்டிவிட்டு, மாடெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு வந்து நிற்பவர்கள் உண்டு. புதிய காலண்டர் கைக்கு வந்ததும் தை ஒன்று என்றைக்கு என்று பாருங்கள். அதிலிருந்து எண்ணினால் தப்பாது.

2. அடுத்த கேள்வி, வைகைக்கு வடக்கா தெற்கா? நட்சத்திரக் கணக்கையும் நீச்சல் குளத்தையும் பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. மற்ற நாளில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஜல்லிக்கட்டு நாளில் எல்லாமே இதில்தான் இருக்கிறது.

அவனியாபுரம் மதுரைக்குத் தெற்கே, விமான நிலையம் போகும் பக்கம். பாலமேடும் அலங்காநல்லூரும் ஆற்றுக்கு வடக்கே. பசுமலை உச்சியில் இருக்கும் பெரிய ஹோட்டலில் தங்கினால் ஊரே காலடியில் தெரியும், காற்றும் நன்றாக இருக்கும். அவனியாபுரத்துக்கு அங்கிருந்து சௌகரியம். எங்கள் ஊருக்கு வருவதென்றால் மலையிறங்கி, நகரத்தைக் குறுக்கே வெட்டி, ஆற்றுப் பாலத்தையும் தாண்ட வேண்டும். பழங்காநத்தம் பக்கத்து ஹோட்டல்களுக்கும் இதே கதைதான். அழகர்கோவில் ரோடு, தல்லாகுளம், சொக்கிகுளம் பக்கம் எடுத்தால் ஏற்கெனவே வடகரையில் இருக்கிறீர்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு ஒன்று அழகர்கோவில் ரோட்டிலேயே இருக்கிறது. கையில் காசு தாராளமாக இருப்பவருக்கும் அதே ரோட்டில் இடம் உண்டு.

ரயிலில் வந்து, ஆட்டோவுக்குச் செலவழிக்காமல், பையை வைத்துவிட்டு மீனாட்சியையும் பார்க்க வேண்டுமென்றால் டவுன்ஹால் ரோடு, மேலவெளி வீதி, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிதான். லாட்ஜுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் தெருக்கள் அவை. (பெருமாள் மேஸ்திரி யாரென்று கேட்காமலே ஆயிரக்கணக்கானவர்கள் அவர் தெருவில் தூங்கிவிட்டுப் போகிறார்கள். பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது பழைய கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த வேலையில் இருந்தவர் அவர்.) இங்கே தங்குபவர்கள் ஆற்றைத் தாண்டும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியார், ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி நிலையங்களிலிருந்து அன்றைக்குச் சிறப்புப் பேருந்து விடுவார்கள். முதல் வண்டியைப் பிடிக்க எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று முந்தின நாளே நடந்து பார்த்துவிடுங்கள்.

3. "வாடிவாசல் தெரியுற ரூம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். கிடையாது.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஸ்பெயினில் பாம்ப்லோனா என்று ஓர் ஊர். ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலை எட்டு மணிக்குக் காளைகளைத் தெருவில் ஓடவிடுவார்கள். ஏறக்குறைய 875 மீட்டர் தூரம். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே மாடு ஓடுவது கடைத்தெரு வழியாகத்தான். அதனால் ஹோட்டல் மாடமே பார்வையாளர் மேடை. அங்குள்ள லா பெர்லா என்ற பழைய ஹோட்டலில் சில ரூம்கள் எஸ்தஃபெத்தா தெருவைப் பார்த்தே இருக்கின்றன. ஹெமிங்வே பெயரைச் சொல்லி அதற்குக் கிராக்கி. அந்த வாரம் விலை எங்கேயோ போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் எண்பது கிலோமீட்டர் தள்ளி, சான் செபாஸ்டியனில் தங்கிவிட்டு இருட்டோடு பஸ் ஏறி வந்துவிடுவார்கள்.

எங்கள் ஊர் வாடிவாசல் முனியாண்டி கோயிலை ஒட்டி, வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. சுற்றி இருப்பவை குடும்பம் நடத்தும் வீடுகள். மாடி என்றால் அது அந்த வீட்டுச் சம்பந்தி, மாமன், மச்சானுக்கு. வெளியூர்க்காரர் நம்பி வரும்படி லாட்ஜ் வரிசை எதுவும் அலங்காநல்லூரில் கிடையாது. "மாடியில இடம் தர்றேன், முன்பணம் போடுங்க" என்று முகம் தெரியாத ஆள் போனில் சொன்னால், மாடி எந்தத் தெரு, வீட்டுக்காரர் யார், கீழே கழிப்பறை உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேயே போன் கட்டாகிவிடும்.

பாம்ப்லோனாக்காரர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த எண்பது கிலோமீட்டர் யோசனையைத்தான். மதுரையில் இடமில்லை என்றால் திண்டுக்கல்லில் தங்குங்கள். நாலுவழிச் சாலையில் வாடிப்பட்டி வரை வந்து, அங்கிருந்து உள்ளே திரும்பினால் மதுரை நெரிசலைத் தொடாமலே வந்து சேரலாம். மதுரைக்காரனே இதைச் சொல்லலாமா என்று என் பழைய முதலாளி கேட்பார். கேட்கட்டும்.

4. கீழக்கரை என்று பார்த்துக் குழம்பாதீர்கள். அலங்காநல்லூரை ஒட்டிய கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கத்தை 2024 ஜனவரி 24-இல் திறந்தார்கள். தை மூன்றாம் நாள் ஜல்லிக்கட்டு அங்கே நடப்பதில்லை. அது எப்போதும் போலப் பழைய வாடிவாசலில்தான். அரங்கத்தில் நடப்பது வேறு தேதியில், வேறு போட்டி. இன்னொன்று, செல்போன் மேப்பில் வெறுமனே கீழக்கரை என்று போட்டால் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊருக்குக் கூட்டிப் போய்விடும்.

5. ரயில் டிக்கெட் எடுக்கிற அன்றைக்கே ரூமும் போட்டுவிடுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஜனவரி 13-க்கு நவம்பர் 14 காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் ரூமை மறந்துவிடுவார்கள். மார்கழிக் கடைசியில் ஞாபகம் வரும்போது, மிச்சமிருப்பது லிஃப்ட் மோட்டார் பக்கத்து ரூமாகத்தான் இருக்கும்.

6. பணம் திரும்பி வருமா என்று கேட்காமல் முழுத்தொகையும் கட்டாதீர்கள். இந்த விளையாட்டின் தேதி மனிதர் கையில் மட்டும் இல்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, அடுத்த இரண்டு பொங்கலுக்கும் வாடிவாசல் மூடியே கிடந்தது. 2017-இல் மெரினாவிலும் எங்கள் ஊரிலும் பிள்ளைகள் உட்கார்ந்து போராடி, சட்டம் வந்து, பிப்ரவரி 10-ஆம் தேதிதான் மாடு அவிழ்த்தார்கள். பொங்கலுக்கென்று ரூம் போட்டவனுக்கு அதனால் என்ன பலன்? 2022-இல் ஜனவரி 16 ஞாயிற்றுக்கிழமை, கொரோனா முழு ஊரடங்கு. ஜல்லிக்கட்டு 17-க்குத் தள்ளிப்போனது. பார்க்கவும் எண்ணித்தான் ஆள் விட்டார்கள். 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்ன பிறகு கோர்ட் பயம் அடங்கியிருக்கிறது. ஆனாலும் ஒரு நாள் தள்ளிப்போனால் தேதியை மாற்றித் தருவீர்களா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை சொன்ன ரிசப்ஷன் பையன் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருப்பான்.

7. செக் அவுட் கணக்கு இரண்டு விதம். பழைய லாட்ஜுகளில் 24 மணி நேரம். நீங்கள் காலை ஆறுக்கு நுழைந்தால் மறுநாள் ஆறு வரை. புதிய ஹோட்டல்களில் மதியம் 12-க்கு 12, சில இடத்தில் உள்ளே விடுவதே இரண்டு மணிக்கு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியலில் வந்து இறங்குபவருக்கு இது சின்ன விஷயமில்லை. பகட்டான ஹோட்டல் சோபாவில் ஆறு மணி நேரம் தூங்கி விழுவதைவிட, குளித்துவிட்டுக் கட்டிலில் சாய விடும் பழைய லாட்ஜ் எவ்வளவோ மேல்.

8. வாடகையைக் கேட்கும்போது வரியோடு எவ்வளவு என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. அதற்கு மேல் போனால் 18. பொங்கல் நாளில் ஹோட்டல்காரர்கள் விலையை ஏற்றும்போது இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். 7,400 ரூபாய் ரூமுக்கு வரியோடு 7,770. 7,600 ரூபாய் ரூமுக்கு 8,968. வாடகையில் 200 வித்தியாசம், பில்லில் கிட்டத்தட்ட 1,200. நாலு பேர் பேரம் பேசும்போது இதைத் தெரிந்தவனைப் பேசவிடுங்கள். ரோம், பாரிஸ் போன்ற ஊர்களில் வாடகைக்கு மேல் தலைக்கு இவ்வளவு, ராத்திரிக்கு இவ்வளவு என்று தனியாக நகர வரி வாங்குகிறார்கள். நம் ஊரில் அது இல்லை. அதற்குப் பதில் எக்ஸ்ட்ரா பெட் என்று ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே பேசி முடியுங்கள்.

9. தை மாதத்தில் மதுரைக்கு ஏ.சி. வேண்டாம். விடியலில் பனி இறங்கும், ஜன்னல் திறந்தால் போதும். அந்தக் காசை நல்ல இடத்துக்குப் போடுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கிறதா, காலை நாலு மணிக்கு வெந்நீர் வருமா என்று கேளுங்கள். நாலு மணி என்று மணியைச் சொல்லியே கேட்க வேண்டும். "வெந்நீர் உண்டு" என்பதற்கு ஆறு மணிக்கு மேல் என்று அர்த்தம் வைத்திருப்பார்கள். பெரியவர்களைக் கூட்டி வந்தால் லிஃப்ட் உண்டா, எந்த மாடி என்று விசாரியுங்கள்.

கோபுரம் தெரியும் ரூம் என்று கூடுதல் வாடகை சொன்னால் யோசியுங்கள். மொட்டைமாடிக்குப் போனால் கோபுரம் எல்லோருக்கும் தெரியும். ரூமில் நீங்கள் இருக்கப்போவது இருட்டில்தான்.

10. ஹோட்டலில் சாப்பாடு உண்டா என்பதை மற்ற நாளில் நான் பெரிதாக எடுக்கச் சொல்ல மாட்டேன். மதுரையில் சோற்றுக்கா பஞ்சம்! ஆனால் பொங்கலுக்குச் சமையல்காரர்களும் பரிமாறுபவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள், பல மெஸ்கள் பூட்டிக் கிடக்கும். கீழேயே சாப்பாட்டுக் கடை உள்ள லாட்ஜாக இருந்தால் நல்லது. முந்தின ராத்திரியே இட்லி கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

11. லண்டன், கனடாவிலிருந்து வரும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இது. கையில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால், தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சின்ன லாட்ஜுகளில் பலருக்கு அந்த வசதி இல்லை. முகம் நம்மாளு முகமாக இருக்கிறதே என்று சாவியை எடுப்பார்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சாவி திரும்பவும் ஆணிக்குப் போய்விடும். ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் நிற்காமல் இருக்க, புக் செய்யும்போதே கேளுங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றுலாத் துறை தனி மாடம் போட்டு, மதுரையிலிருந்து பஸ்ஸில் கூட்டி வருவது பல வருட வழக்கம். வண்டி எங்கிருந்து புறப்படுகிறது என்று அவர்கள் அலுவலகத்தில் கேட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் ரூம் எடுத்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

12. எங்கள் ஊரில் யாராவது "வீட்டுக்கு வாங்க" என்று மனதாரக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள், ஆனால் ரூமையும் விட்டுவிடாதீர்கள். பொங்கலுக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள், பேரன் பேத்தி என்று ஒவ்வொரு வீட்டிலும் பாய்க்குப் பாய் ஆள் படுத்திருக்கும். உங்களுக்கு இடம் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் திண்ணையில் படுப்பார். ராத்திரி முழுக்க மாடு ஏற்றிய குட்டியானை வண்டிகள் தெருவில் வந்து வரிசை கட்டிக்கொண்டே இருக்கும், தூக்கமும் வராது. பகலில் போய்ச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குப் பழம், பலகாரம் வாங்கிக்கொண்டு போங்கள், மொட்டைமாடியில் நிற்கச் சொன்னால் நில்லுங்கள்.

13. கடைசியாக, தை மூன்றாம் நாள் ராத்திரிக்கும் சேர்த்து ரூம் எடுங்கள். காலை ஏழு மணி வாக்கில் கோயில் காளை இறங்கும், அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை மாடு வந்துகொண்டே இருக்கும். முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே சாலையில் மதுரைப் பக்கம் திரும்பும். சீக்கிரம் போய்விடலாம் என்று ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டவர்கள், கடைசி ஐம்பது மாட்டைப் பார்க்காமலே கிளம்ப வேண்டியிருக்கும். முடியவே முடியாது, அன்றைக்கே போயாக வேண்டும் என்றால், காலையில் கிளம்பும்போதே ரூமைக் காலி பண்ணிப் பையை ரிசப்ஷனில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி ஷிஃப்டுக்கு வேறு ஆள் வருவான், டோக்கன் இல்லாமல் கொடுக்க மாட்டான்.