மூலிகைத் தேநீர் குருதியமுக்கத்தைக் குறைக்குமா?

விஞ்ஞானம் – க.பொ.த. (சாதாரண தரம்)
தொடர்புடைய பாடப்பகுதிகள்: குருதிச் சுற்றோட்டம், விஞ்ஞான முறை

அறிமுகம்

"இந்த மூலிகைத் தேநீரைக் குடித்தால் இதயநோய் அண்டாது" என்பது போன்ற விளம்பரங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒருவர் அதைக் குடித்தார், பின்னர் சுகமடைந்தார் என்பது மட்டும் அதற்குச் சான்றாகாது. சுகமடைந்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். இத்தகைய கூற்றை விஞ்ஞானிகள் எவ்வாறு சோதிக்கின்றனர் என்பதை ஓர் உண்மையான ஆய்வின் மூலம் கற்போம்.

1. குருதியமுக்கம்

நாடிகளின் சுவரில் குருதி ஏற்படுத்தும் அமுக்கமே குருதியமுக்கம் ஆகும். இதயவறைகள் சுருங்கும்போது இது உயர்வாக இருக்கும் (சுருங்கலமுக்கம்). அவை தளரும்போது குறைவாக இருக்கும் (தளர்தலமுக்கம்). சுகதேகியான வளர்ந்தவர் ஒருவரில் இவை ஏறத்தாழ 120 / 80 மி.மீ. இரசம் ஆகும். அமுக்கம் நீண்டகாலம் உயர்ந்திருந்தால் நாடிச் சுவர்கள் பாதிக்கப்படும். மாரடைப்பு, பாரிசவாதம், சிறுநீரக நோய் என்பன ஏற்படும் வாய்ப்பும் கூடும். பெரும்பாலும் வெளிப்படையான அறிகுறி எதுவும் இருக்காது என்பதே இதன் ஆபத்தாகும்.

2. தேநீர் தரும் தாவரம்

இங்கு ஆராயப்பட்ட தாவரம் ஹைபிஸ்கஸ் சப்டரிஃபா ஆகும். இது புளிச்சை வகையைச் சேர்ந்தது. எமது வீட்டு முற்றத்துச் செவ்வரத்தையும் இதே சாதியைச் சேர்ந்தது. எனினும் இரண்டும் வேறுவேறு இனங்கள். எகிப்திலும் சூடானிலும் இத்தேநீரைக் 'கர்க்கடே' என அழைப்பர்.

தேநீர் தயாரிக்கப்படுவது அல்லியிலிருந்து அன்று. பூ வாடிய பின்னர் பருத்துச் சிவக்கும் புல்லிவட்டமே உலர்த்தப்பட்டுப் பயன்படுத்தப்படுகின்றது. இதன் புளிப்புச் சுவைக்குச் சேதன அமிலங்களும் சிவப்பு நிறத்திற்கு அந்தோசயனின் எனும் நிறப்பொருள்களும் காரணமாகும். அந்தோசயனின்கள் அமுக்கத்தைக் குறைக்க உதவக்கூடும் எனக் கருதப்படுகின்றது.

3. ஆய்வு நடத்தப்பட்ட முறை

ஐக்கிய அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டியான் மெக்கேயும் அவரது குழுவினரும் நடத்திய இவ்வாய்வு 2010 இல் வெளியானது.

• பங்குபற்றியோர்: 30 – 70 வயதுடைய 65 பேர். அனைவருக்கும் குருதியமுக்கம் சற்று உயர்ந்திருந்தது. ஆனால் எவரும் அதற்கு மருந்து உட்கொள்ளவில்லை.
• பிரிப்பு: எழுமாறாக இரு குழுக்கள்.
• பரிசோதனைக் குழு: நாளொன்றுக்கு 240 மி.லீ. வீதம் 3 தடவை தேநீர்.
• கட்டுப்பாட்டுக் குழு: அதே அளவில், நிறத்திலும் சுவையிலும் தேநீரை ஒத்த போலிப் பானம்.
• காலம்: 6 வாரங்கள்.

யாருக்கு எப்பானம் வழங்கப்பட்டது என்பது பங்குபற்றியோருக்கும் தெரியாது, ஆய்வாளருக்கும் தெரியாது. இது இருபக்க மறைப்பு எனப்படும். எதிர்பார்ப்பு காரணமாக ஏற்படும் வழுவை இது குறைக்கின்றது.

4. பெறுபேறுகள் (சராசரி வீழ்ச்சி, மி.மீ. இரசம்)

சுருங்கலமுக்கம்: தேநீர் 7.2, போலிப் பானம் 1.3
தளர்தலமுக்கம்: தேநீர் 3.1, போலிப் பானம் 0.5

போலிப் பானம் குடித்தவர்களிலும் அமுக்கம் சற்றுக் குறைந்துள்ளதைக் கவனியுங்கள். எனவே 7.2 முழுவதும் தேநீரின் விளைவு எனக் கூற முடியாது. இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாட்டையே எடுக்க வேண்டும்.

7.2 – 1.3 = 5.9 மி.மீ. இரசம்

தளர்தலமுக்கத்தில் வேறுபாடு 2.6 மட்டுமே. இது தற்செயலாகவும் ஏற்பட்டிருக்கலாம் என்பதால் ஆய்வாளர் இதனை உறுதியான விளைவாகக் கொள்ளவில்லை.

5. ஓர் ஆய்வு மட்டும் போதுமா?

போதாது. 2015 இல் 5 ஆய்வுகளை (மொத்தம் 390 பேர்) ஒன்றுசேர்த்துப் பார்த்த பகுப்பாய்வு ஒன்றும் அமுக்கம் குறைவதாகக் காட்டியது. ஆனால் மிகக் கடுமையான நிபந்தனைகளுடன் ஆய்வுகளைத் தெரிவு செய்யும் கொக்ரேன் மீளாய்வு, கிடைத்துள்ள சான்றுகள் உறுதியான முடிவுக்குப் போதாதவை என 2021 இல் கூறியது. எனவே "குறைக்கக்கூடும்" என்று எழுதுவதே பொருத்தம். "குணப்படுத்தும்" என எழுதுவது பிழை.

மாதிரி வினாக்களும் விடைகளும்

1. இவ்வாய்வின் சாரா மாறி, சார்ந்த மாறி என்பவற்றைக் குறிப்பிடுக.
விடை: சாரா மாறி – வழங்கப்பட்ட பான வகை. சார்ந்த மாறி – குருதியமுக்கம்.

2. கட்டுப்பாட்டுக் குழுவிற்கு வெறும் நீர் வழங்காமல் போலிப் பானம் வழங்கியது ஏன்?
விடை: நீரை வழங்கினால் தமக்குத் தேநீர் கிடைக்கவில்லை என்பதை அவர்கள் அறிந்துவிடுவர். அந்த எண்ணமும் பெறுபேற்றைப் பாதிக்கலாம்.

3. உயர் குருதியமுக்கத்திற்கு நாள்தோறும் மாத்திரை எடுக்கும் உங்கள் அம்மம்மாவிடம், "மாத்திரையை நிறுத்திவிட்டு இத்தேநீரைக் குடியுங்கள்" என அயலவர் கூறுகின்றார். இவ்வாய்வைக் கொண்டு அதனை ஏற்க முடியாமைக்கு மூன்று காரணங்கள் தருக.
விடை:
(அ) பங்குபற்றியோர் மருந்து எடுக்காதவர்கள். அவர்களுக்கு அமுக்கம் சற்றே உயர்ந்திருந்தது. அம்மம்மாவின் நிலை வேறு.
(ஆ) தேநீர் ஒப்பிடப்பட்டது போலிப் பானத்துடன், மாத்திரையுடன் அன்று.
(இ) ஆய்வு 6 வாரங்களே நடந்தது. மாரடைப்போ பாரிசவாதமோ குறைந்ததா என அது ஆராயவில்லை.

நினைவிற் கொள்க: மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அமுக்கம் மீண்டும் உயரும்; அறிகுறி இல்லாததால் அது தெரியவும் வராது. மருந்து எடுப்பவர் மூலிகைத் தேநீரை வழக்கமாகக் குடிக்க விரும்பினால் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். வினா 3 பரீட்சையில் வராவிட்டாலும் வீட்டில் வரக்கூடும்.