எட்டடி வேண்டாம், இரண்டடி போதும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வீட்டிலேயே ஒரு சி.என்.சி. ரௌட்டர் கட்டி, மச்சானின் தச்சுப் பட்டறையில் வைத்து மரத்தில் சிற்ப வேலை செய்யப்போவதாக எழுதியிருந்தாய். கூடவே சாமான் பட்டியலும் அனுப்பியிருந்தாய். நேமா 23 மோட்டார் நான்கு, டிரைவர் நான்கு, ஆர்டுயினோ, எஸ்.எம்.பி.எஸ்., 1.5 கிலோவாட் ஸ்பிண்டில், அதற்கு ஒரு வி.எஃப்.டி. எல்லாம் சரி. ஆனால் எட்டடிக்கு நாலடி மேசையை எதில் கட்டப்போகிறாய், எதன்மேல் நிறுத்தப்போகிறாய் என்று ஒரு வரிகூட இல்லை. மின்சாரச் சாமான்களை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போனால் வாங்கிவிடலாம்; தப்பாக வாங்கியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேம் தப்பினால் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை, முதலிலிருந்து கட்ட வேண்டியதுதான்.

இந்த மெஷின் பிறந்த கதையைப் பார்த்தாலே இது புரியும். ஹெலிகாப்டர் விசிறித் தகடுகளின் வளைவைத் துல்லியமாக வெட்ட வழி தேடிய ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கரின் யோசனை, எம்.ஐ.டி.யின் ஆய்வகத்துக்குப் போய், 1952இல் எண்களைப் படித்து ஓடும் முதல் மில்லிங் மெஷினாக வெளியே வந்தது. அவர்கள் உடம்பைப் புதிதாகச் செய்யவில்லை. கடையில் விற்ற கனமான சின்சினாட்டி மில்லிங் மெஷின் ஒன்றை எடுத்து, அதற்கு மூளையை மட்டும் பொருத்தினார்கள். வால்வுகள் அடுக்கிய பெரிய அலமாரிகளாக இருந்த அந்த மூளை, துளையிட்ட நாடாவைப் படித்து வேலை செய்தது. இன்று நிலைமை தலைகீழ். நார்வேக்காரர் சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் எழுதி இலவசமாக விட்ட ‘ஜி.ஆர்.பி.எல்.’ என்ற நிரல், 32 கிலோபைட் நினைவகம் உள்ள ஆர்டுயினோ ஊனோவுக்குள் அடங்கிவிடுகிறது. மூளை மலிந்துவிட்டது. அசையாத கனத்த உடம்பைத்தான் நீ சம்பாதிக்க வேண்டும்.

அதனால்தான் எட்டடி வேண்டாம் என்கிறேன். இரண்டு முனையிலும் தாங்கப்பட்ட ஒரு உத்திரத்தின் நடுவில் அழுத்தினால் அது எவ்வளவு வளையும்? நீளத்தை இரட்டித்தால் வளைவு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். ஸ்பிண்டிலைத் தாங்கி மேசைக்குக் குறுக்கே நிற்கும் உன் கேன்ட்ரியும் அப்படி ஒரு உத்திரம்தான். இரண்டடியில் கண்ணுக்குத் தெரியாத நெளிவு, அதே பைப்பை நாலடிக்குப் போட்டால் தேக்கில் வெட்டும் பிட் இறங்கியதும் கடகடவென்று கத்தும். வெட்டிய பரப்பில் மீன் செதில்போல வரி விழும். மோட்டாரின் பலத்தைக் கூட்டினால் இது தீராது, அதிகமாகும். வெட்டும் பரப்பு இரண்டடிக்கு ஒன்றரை அடி இருந்தால் முதல் மெஷினுக்குத் தாராளம். நிலைவாசல் சட்டம், பூஜையறைக் கதவுப் பலகை, ஊஞ்சல் சாய்வு எல்லாமே துண்டு துண்டாகச் செய்து இணைப்பவைதான். மச்சானைக் கேள், சொல்வார்.

இரும்புச் சதுரக் குழாயை வாங்கி வெல்டிங் வைத்துவிடலாம் என்று பக்கத்துக் கடையில் சொல்வார்கள். கேட்காதே. சூடு ஆறும்போது இரும்பு இழுத்துக்கொள்ளும். வெல்டிங் வைத்த ஃபிரேமின் மேற்பரப்பை மறுபடி மெஷினில் போட்டுச் சமன் செய்யாமல் அதன்மேல் லீனியர் ரயிலைப் பொருத்தினால், ரயிலும் சேர்ந்து வளையும். கனமான அலுமினிய புரொஃபைலை அளவுக்கு வெட்டி வாங்கி, போல்ட்டு போட்டு முடுக்கு. தப்பினால் தளர்த்திச் சரிசெய்யலாம்.

மூலைமட்டம் பார்ப்பதில் உனக்கு வீட்டிலேயே வாத்தியார் இருக்கிறார், மச்சான்தான். வீடு கட்ட மனை அளக்கும்போது 3, 4, 5 என்று நூல் பிடிப்பார்களே, அதே கணக்கு. மெஷினில் ஒரு பக்கம் 300 மில்லிமீட்டர், மறு பக்கம் 400 மில்லிமீட்டர் நகர்த்திப் புள்ளி வை. குறுக்கே 500 வரவேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் விடாதே. மெஷினை நகர்த்தும் திருகுக்கு இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துக்கொள்: மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி, டிரைவரில் ஒவ்வொரு படியையும் எட்டுப் பங்காக வைத்தால் 1600. 1605 பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும். ஆக மில்லிமீட்டருக்கு 320 படி. கணக்கு இப்படிச் சொன்னாலும் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்த பிறகே நம்பு. அடுத்து, ஒரு வட்டம் வெட்டிப் பார். நான்கு திசையிலும் லேசாகத் தட்டையான இடம் தெரிந்தால் திருகில் பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது ஒரு தளர்வு, இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைகளுக்குள் நீ சலித்துப்போவாய். பெரும்பாலான வீட்டு மெஷின்கள் இந்த இடத்தில்தான் அவசரத்துக்குப் பலியாகின்றன.

சதுரங்கப்பட்டினத்தில் கட்டுவதால் உனக்குக் கூடுதலாக ஒரு பகை உண்டு: உப்புக் காற்று. கோயம்புத்தூர்க்காரனுக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கும் லீனியர் ரயில், உன் பட்டறையில் ஐப்பசி மழை முடிவதற்குள் செம்புள்ளி போட்டுவிடும். தினமும் வேலை முடிந்ததும் மரத்தூளைத் துடைத்து, ரயிலிலும் திருகிலும் மெல்லிய எண்ணெய் பூசு. எண்ணெயைக் கொட்டி வைத்தாலும் ஆபத்துதான், தூள் அதில் ஒட்டிப் பசையாகும். சர்க்யூட் போர்டுகளை மூடிய பெட்டிக்குள் வை, ஃபேன் வாயில் வடிகட்டி போடு. கடல் பக்கத்து ஜன்னலை அடைத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

அணுமின் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்பதற்காகப் பட்டறையில் கரண்ட் போகாமல் இருக்காது. அந்த நேரத்துக்கென்று கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் மட்டும் யு.பி.எஸ். வைத்துவிடாதே. ஸ்பிண்டில் நின்றுபோகும், மோட்டார் மட்டும் நகரும், சுழலாத பிட்டை மரத்துக்குள் இழுத்து ஒடித்துவிடும். கரண்ட் போனால் எல்லாமே சேர்ந்து நிற்கட்டும். திரும்பி வந்ததும் எங்கிருந்தோம் என்று கண்டுபிடிக்கத்தான் ஹோமிங் ஸ்விட்ச். ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. நீதான் சொல்ல வேண்டும்.

மரத்தைப் பற்றி நான் சொல்வதைவிட மச்சான் சொல்வது சரியாக இருக்கும். எனக்குத் தெரிந்தது, தேக்கில் சிலிக்கா உண்டு, பிட் முனை சீக்கிரம் மழுங்கும். தம்மம்பட்டியில் மரச் சிற்பத்துக்கு வாகையை எடுப்பது பழக்கம். நம் பக்கத்துப் பூவரசு நன்றாகக் காய்ந்திருந்தால் வெட்டிப் பார்க்கலாம். சவுக்கு கடற்கரையெங்கும் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதே, வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். காய்ந்த கழிவுத் துண்டுகளில் கை பழகிய பிறகு நல்ல பலகையைத் தொடு.

நேரத்தையும் கணக்கிட்டு வைத்துக்கொள். ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் ஒரு புடைப்புச் சிற்பம். பிட் ஒவ்வொரு வரியாகப் போய்வர வேண்டும், வரிக்கு வரி 0.3 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் ஏறத்தாழ 1000 வரி. ஒவ்வொன்றும் 300 மில்லிமீட்டர். மொத்தம் 300 மீட்டர் ஓட்டம். நிமிடத்துக்கு 1500 மில்லிமீட்டர் வேகத்தில் மூன்று மணி இருபது நிமிடம், அதுவும் கடைசி இழைப்புக்கு மட்டும். முன்னால் பெரிய பிட்டால் மொத்தமாகக் கழிக்கும் நேரம் தனி. இவ்வளவுக்குப் பிறகும் கண்ணிமையின் ஓரமும் நகைகளின் இடுக்கும் மொழுமொழுவென்றுதான் இருக்கும். உருண்டை முனை பிட் தன் ஆரத்தைவிடச் சின்ன மூலைக்குள் நுழையாது. அங்கே உளி வேண்டும்.

ஒரு நாள் மாமல்லபுரம் போய் அர்ச்சுனன் தபசு முன்னால் உட்கார். மூன்று அச்சு மெஷினின் பிட் நேர் மேலிருந்து மட்டுமே இறங்கும். பெரிய யானையின் காலடியில் குட்டிகள் நிற்கும் இடம், தவம் செய்யும் பூனை, ஒவ்வொரு உருவத்தின் ஓரத்திலும் பாறைக்குள் குடைந்து போகும் விளிம்பு இவற்றைப் பார்த்து, பிட் எங்கே எட்டும், எங்கே எட்டாது என்று ஒரு நோட்டில் வரைந்து குறித்துக்கொள். எந்த வீடியோவும் கற்றுத்தராத பாடம் அதில் கிடைக்கும். அப்படியே அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரிப் பக்கமும் போ. 1957 முதல் இயங்குகிறது. குமரிமுனையில் 133 அடி வள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். கல்லோடு மரமும் பாடமாக உண்டு. ஒரு முகத்தை அலகாக வைத்து உடம்பின் மற்ற அளவுகளைப் பிரிக்கும் தாலக் கணக்கைக் கேட்டுக் கற்றுக்கொண்டால், உன் கம்ப்யூட்டரில் வரையும் உருவத்துக்குக் கட்டுக்கோப்பு வரும்.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், விற்பனைக்குக் கிடைக்கும் ஃபைலை வாங்கி ஓட்டுகிறவர்கள் ஏராளம். அதே பிள்ளையார், அதே கஜலட்சுமி, மதுராந்தகத்திலும் மரக்காணத்திலும் அதே கதவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் போட்டியில் இறங்கினால் விலையைக் குறைப்பதைத் தவிர உனக்கு வழியில்லை. உங்கள் பட்டறைக்கு என்று ஒரு தாமரை, ஒரு யாளி, மச்சான் கையால் போட்ட கோலத்தில் இருந்து வரட்டும்.

கடைசியாக, உன் பட்டியலில் இல்லாத இன்னொன்று. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் சேர்த்திருக்கிறது. உளியில் விழுவது சீவல். உன் மெஷின் கிளப்புவது நுண்தூள், எம்.டி.எஃப். என்றால் இன்னும் மோசம். தூளை உறிஞ்சும் வேக்குவம், என்95 மாஸ்க், கண்ணாடி மூன்றையும் வாங்கு. ஸ்பிண்டில் சுற்றும்போது கையுறை போடாதே, தோளில் துண்டு போடாதே. சிவப்பு பட்டனை அழுத்தினால் மோட்டார் மட்டுமல்ல, ஸ்பிண்டிலும் நிற்க வேண்டும்; அதைச் சோதித்துப் பார்க்காமல் மரத்தை மேசையில் ஏற்றாதே. பணம் போதவில்லை என்றால் நாலாவது மோட்டாரைத் தள்ளிப்போடு, மாஸ்கைத் தள்ளிப்போடாதே. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா