விக்கிரகத்திற்குக் கல் தெரிவு செய்தல்

ஆலயமொன்றிலே புதிதாக மூர்த்தியை எழுந்தருளச் செய்ய எண்ணும்போது, உருவம் எப்படி அமையும், எவ்வளவு செலவாகும் என்ற வினாக்களே முதலில் எழுகின்றன. எந்தக் கல் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆனால் உளி பட்ட பின்னர் கல்லிலே வெடிப்பு வெளிப்படுமாயின் அவ்வுருவம் பின்னமாகிவிடும், பிரதிஷ்டைக்கு ஆகாது.

நமது யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலம் சுண்ணாம்புக் கற்பாறை. மதில் கட்ட உதவும் அக்கல் அபிஷேகத்தைத் தாங்காது. அதன்மேல் சிறிது தேசிக்காய்ச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைக்கும். சலவைக்கல்லும் அவ்வாறே. நாள்தோறும் தயிரும் தேசிக்காயும் பட்டால் திருமுகமே தேய்ந்துவிடும். கருங்கல்லை அப்புளி அவ்வாறு அரிப்பதில்லை. ஆகவேதான் நம்மவர் மாமல்லபுரம் போன்ற இடங்களிலுள்ள சிற்பாசாரியார்களை நாடுகின்றனர்.

சிற்ப நூல்கள் கல்லை ஆண்கல், பெண்கல், அலிக்கல் என மூவகைப்படுத்துகின்றன. தட்டும்போது மணியோசை எழுவது ஆண்கல், தாளத்தின் ஓசை எழுவது பெண்கல், ஓசையற்றது அலிக்கல். தேவர் திருவுருவத்திற்கு ஆண்கல்லும், அம்பாள் திருவுருவத்திற்கும் பீடத்திற்கும் பெண்கல்லும் விதிக்கப்பட்டுள்ளன. இவ்விதியை மூடநம்பிக்கை எனச் சிலர் தள்ளிவிடுவதுண்டு. சந்தையிலே நம் பெண்கள் சட்டியைச் சுண்டிப் பார்த்துத்தானே வாங்குகின்றனர்! உள்ளே கீறல் இருந்தால் ஓசை மழுங்கும். கல்லுக்கும் இதுவே நியாயம்.

கன்னட நாட்டிலே பேலூர்க் கோயில் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. அக்கோயில் 1117 இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஜக்கணாசாரியார் செதுக்கிய மூர்த்தியிலே குற்றம் உண்டென்று ஓர் இளஞ்சிற்பி கூறினானாம். உருவம் முழுவதும் சந்தனம் பூசினர். எங்கும் காய்ந்தது, உந்தியின் பக்கம் மாத்திரம் ஈரம் காயவில்லை. அவ்விடத்தை உளியால் தட்ட, நீரும் தவளையும் வெளிவந்தன. அவ்விளைஞன் அவருடைய சொந்த மகன் என்பது பின்னரே தெரிந்ததாம். அம்மூர்த்தியைக் கப்பே சென்னிகராயர் என்பர். கப்பே என்றால் தவளை. கதை எவ்வாறாயினும் சோதனை உண்மையானது. கல்லை நன்றாக நனைத்து உலரவிட்டால், வெடிப்புள்ள இடம் நீரைப் பிடித்துக்கொண்டு கருங்கோடாகத் தெரியும்.

ஆயத்தமாக விற்கும் விக்கிரகத்தை வாங்கினால் என்ன என்று அடியார்கள் சிலர் கேட்கின்றனர். எண்ணெய் பூசிக் கருமையாக்கிய உருவத்திலே நூல் போன்ற கீறல் கண்ணுக்குப் புலப்படாது. எனவே செதுக்குமுன் வெறுங்கல்லாக இருக்கும்போதே திருப்பணிச் சபையார் இருவராவது நேரில் சென்று, தட்டியும் நனைத்தும் பார்த்து வருவது நன்று. பயணச் செலவு பெரிதன்று.

கிடந்த கல்லின் கீழ்ப்புறமே திருமுகமாக வேண்டும் என்பதும் நூல் விதி. மேற்புறம் வெயிலும் மழையும் பட்டு நலிந்திருக்கும்; அது பின்புறமாகும்.

கல் தேர்ந்தபின் முகப்பைச் சமப்படுத்தி, காவியால் நடுக்கோடு இடுவர். பிள்ளையாராயின் பஞ்சதாளம், சிவமூர்த்தங்களாயின் உத்தம தசதாளம், அதாவது 124 பங்கு, என அளவு குறித்து, வேண்டாத பகுதியைப் பருமட்டாகத் தட்டி நீக்குவர். கருங்கல்லிலே உளிமுனை விரைவில் மழுங்குமாதலால் அடிக்கடி உலையிலிட்டுத் தீட்டவேண்டும். கைவிரல், ஆயுதம் போன்ற மெல்லிய உறுப்புகள் பின்னரே வரும். கண் திறத்தல் எல்லாவற்றிற்கும் கடைசி.