ராத்திரி லாட்ஜில் நிற்கும் பழைய கார்: பூட்டும் வேண்டும், ஆர்.சி.யும் வேண்டும்

உங்கள் வீட்டில் ஒரு பழைய அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ, நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ இருக்கிறதா? அதை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வெளியூர் போகும் பழக்கமும் உண்டா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இந்த மாதிரி வண்டியில் சென்னையிலிருந்து ஊட்டிக்கோ கன்னியாகுமரிக்கோ ஒரே மூச்சில் போவதை எஞ்சினும் விரும்பாது, ஓட்டுபவரின் இடுப்பும் விரும்பாது. வழியில் ஒரு ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும். வீட்டு ஷெட்டில் கவர் போட்டுப் பூட்டி வைக்கிற வண்டி, அன்றைக்கு மட்டும் முன்பின் தெரியாத ஊரில் திறந்தவெளியில் நிற்கும்.

போன வருஷம் மாமாவின் 1978 பத்மினியில் பழனிக்குக் கிளம்பினோம். திண்டுக்கல்லில் ஒரு லாட்ஜில் ராத்திரி தங்கினோம். "சாவியைக் கொடுத்துட்டுப் போங்க சார், காலையில வேற வண்டி எடுக்கணும்னா நகர்த்தணும்ல" என்றார் வாட்ச்மேன். மாமாவும் கொடுத்துவிட்டார். காலை ஐந்தரை மணிக்குக் கீழே வந்து பார்த்தால் வண்டி நிறுத்திய இடத்தில் இல்லை. வாட்ச்மேனும் இல்லை. இருபது நிமிஷம் தேடிய பிறகு பின்பக்கச் சந்தில் நின்றுகொண்டிருந்தது. யாரோ தள்ளிக்கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். நான்கு வீல் கப்பும் முன்பக்க எம்ப்ளமும் காணோம். "வண்டி கிடைச்சுதே, அது போதும்டா" என்று மாமா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. காரணம் வேறு. அந்த இருபது நிமிஷத்தில் போலீசுக்கு போன் செய்வதற்காக ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன். அதில் தாத்தா பெயர் இருந்தது. தாத்தா தவறி நான்கு வருஷம் ஆகிறது. இன்ஷூரன்ஸ் மூன்றாம் நபர் பாலிசி மட்டும். வண்டி நிஜமாகவே போயிருந்தால், அது எங்கள் வண்டி என்று காட்டுவதற்கே நாங்கள் அல்லாடியிருப்போம்; பணமும் ஒரு பைசா வந்திருக்காது. அதற்குப் பிறகு மெக்கானிக், ஆர்.டி.ஓ. அலுவலகம், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாவி வெறும் சுவிட்ச்தான்

புதுக் கார்களின் சாவிக்குள் ஒரு சிப் இருக்கும். அது சரியாகப் பொருந்தினால்தான் எஞ்சின் ஓடும். பழைய கார் சாவியின் வேலை பேட்டரி மின்சாரத்தை இணைத்துவிடுவது மட்டும்தான். பூட்டும் நாற்பது ஐம்பது வருஷம் தேய்ந்திருக்கும். அம்பாசடர் ஓட்டிய பெரியவர்களைக் கேளுங்கள், வேறு வண்டிச் சாவியைப் போட்டுத் திறந்த கதை ஒன்றாவது வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் ஸ்டீயரிங் லாக்கும் கிடையாது. ஆகவே, 'பூட்டியாச்சு' என்பதோடு விட்டுவிடாமல், ராத்திரி வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி செய்துவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும்.

பெட்ரோல் வண்டி என்றால் இதற்குச் செலவே இல்லாத ஒரு வழி உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே ரோட்டார் என்ற சின்னத் துண்டு இருக்கும். கையால் மேலே இழுத்தாலே வந்துவிடும். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூடியைத் திரும்ப மாட்டிவிடுங்கள். ரோட்டார் இல்லாமல் பிளக்குக்கு மின்பொறி போகாது. ஒயரை எப்படி இணைத்தாலும் எஞ்சின் ஓடாது. பகல் வெளிச்சத்தில் உங்கள் மெக்கானிக்கிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். இக்னிஷன் ஆஃபில் இருக்கும்போது, எஞ்சின் சூடு ஆறிய பிறகு செய்ய வேண்டிய வேலை இது. மாமா இப்போது ரோட்டாரை மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொள்கிறார். கண்ணாடி இல்லாமல் அவர் எங்கும் போகமாட்டார் என்பதால் அது தொலையாது.

ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. அந்த வண்டியின் பானெட் முழுசாக முன்பக்கம் சாயும். அதன் கொக்கிகள் வெளியே இரண்டு பக்கமும் இருக்கும். யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அதற்குப் பூட்டு ஏற்பாடு செய்யாவிட்டால், ரோட்டாரை எடுத்தாலும் பேட்டரி போய்விடும்.

பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சும் நல்லதுதான். மறைவான இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள். ஆனால் டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். டீசல் எஞ்சினுக்கு மின்பொறி தேவையே இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் கிடையாது. இழு கேபிள் வைத்து எஞ்சினை நிறுத்துகிற பழைய மாடல் என்றால், பேட்டரி இல்லாமலே நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம். அதற்குக் கண்ணில் படுகிற மாதிரி பூட்டுதான் சரி. பிரேக் அல்லது கிளட்ச் பெடலையும் ஸ்டீயரிங்கையும் சேர்த்துப் பூட்டும் கம்பி, அல்லது சக்கரத்தில் மாட்டும் பூட்டு. தரையோடு பொருத்தும் கியர் லாக்கைக் கடையில் காட்டுவார்கள். பழைய பத்மினி, அம்பாசடர் பலவற்றில் கியர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும். அதற்கு அந்தப் பூட்டு உதவாது, காசைக் கொடுத்து ஏமாந்துவிட வேண்டாம்.

ஜி.பி.எஸ். டிராக்கர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அது திருட்டைத் தடுக்காது, போன பிறகு தேட உதவும். தனக்கென்று சொந்த பேட்டரி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கட்-ஆஃப் சுவிட்சைப் போட்ட பிறகும் அது வேலை செய்ய வேண்டும் அல்லவா? மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் எர்த்தாக இருக்கும். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில்கள் 6 வோல்ட். இது தெரியாத எலக்ட்ரீஷியன் கை வைத்தால் டிராக்கர் அன்றைக்கே எரிந்துபோகும்.

எங்கே நிறுத்துவது, சாவி யாரிடம்?

அறை புக் செய்யும் முன்பே போன் போட்டு, பார்க்கிங் காம்பவுண்டுக்குள்ளா தெருவிலா என்று கேளுங்கள். ராத்திரி கேட் பூட்டுவார்களா, கேமரா இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். வண்டியை மூக்கு சுவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, முன் சக்கரத்தை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கும் போடுங்கள். தள்ளிக்கொண்டு போவதும் கட்டி இழுப்பதும் அப்போது சுலபமில்லை. கழற்ற முடிந்த வீல் கப், எம்ப்ளம் எல்லாவற்றையும் அறைக்கு எடுத்துப்போய்விடலாம். சிரிப்பார்கள், பரவாயில்லை. பத்மினிக்கு அசல் எம்ப்ளம் தேடி நாங்கள் அலைந்த அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும்.

வண்டி ராத்திரி நடுவழியில் நின்றுவிட்டால் ரோட்டோரம் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணுக்கு அழைத்து உதவி கேட்கலாம். முடியாவிட்டால் வெளிச்சமும் கேமராவும் உள்ள பெட்ரோல் பங்க் வரை எப்படியாவது நகர்த்திவிடுங்கள்.

சாவி விஷயத்துக்கு வருவோம். 1998-ல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு இரவு பதினொரு மணிக்கு வந்த ஒருவர், தன் மாருதி ஜென் காரின் சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஒரு மணிக்கு வெளியே வந்தபோது கார் இல்லை; வேறொருவர் ஓட்டிப்போய்விட்டார். 'வண்டிக்கு உரிமையாளரே பொறுப்பு' என்று டோக்கனில் அச்சடித்திருக்கிறோம் என்றது ஓட்டல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சாவியை வாங்கி வண்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட ஓட்டல், தன் கவனக்குறைவுக்கு அந்த ஒரு வரியைக் காட்டித் தப்பிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

இதை வைத்து தைரியமாகச் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சம்பவத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே 21 வருஷம் ஓடியிருக்கிறது! கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் வண்டி எண், நேரம் எழுதிய ரசீது வாங்குங்கள். எங்கள் மாமாவிடம் ரசீதும் கிடையாது, வாட்ச்மேன் பெயரும் தெரியாது.

கிளம்பும் முன் ஆர்.சி.யை ஒருமுறை படியுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான பகுதி. ராஜஸ்தானில் ஒருவர் 2011-ல் புது பொலேரோ வாங்கினார். தற்காலிகப் பதிவு ஜூலை 19-ம் தேதியோடு முடிந்தது. ஜூலை 28-ம் தேதி ஜோத்பூர் போனவர், ராத்திரி விருந்தினர் விடுதிக்கு வெளியே வண்டியை நிறுத்தினார். காலையில் வண்டி இல்லை. முழு இன்ஷூரன்ஸ் இருந்தது, எஃப்.ஐ.ஆர். போட்டார், போலீசும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தும், திருட்டு நடந்த அன்று செல்லுபடியாகும் பதிவு இல்லை என்பதால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுத்தது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒன்பதே நாள் தாமதம்தான்.

பழைய கார்க்காரர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சொந்த உபயோகக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகள், அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும்? பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டு இப்போதே பாருங்கள்.

அடுத்தது பெயர். உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசு 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்குத் தேவைப்படும் வாரிசுச் சான்றிதழுக்கு அரசு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 'தாத்தா வண்டி, அவர் பேர்லயே இருக்கட்டும்' என்பது பாசம்தான், ஆனால் காவல் நிலையத்தில் அது உதவாது.

எஞ்சின் எண்ணையும் பாருங்கள். பெட்ரோல் அம்பாசடருக்கு டீசல் எஞ்சின் மாற்றியவர்கள் நம் ஊரில் ஏராளம். ஆர்.சி.யில் பழைய எண்ணே இருந்தால், திருடுபோன வண்டி கிடைத்தாலும் அது உங்களுடையதுதானா என்ற கேள்வி வரும். மாற்றத்தை ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ளுங்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் போட்டோ எடுங்கள். அதோடு உங்கள் வண்டிக்கே உரிய அடையாளங்களையும் எடுத்து வையுங்கள்: டேஷ்போர்டில் ஒரு விரிசல், டிக்கிக்குள் பழைய பெயின்ட் நிறம். நம்பர் பிளேட்டை மாற்றிவிடலாம், இதையெல்லாம் மாற்ற மாட்டார்கள்.

இன்ஷூரன்ஸ்: மூன்றாம் நபர் பாலிசியில் திருட்டுக்கு இழப்பீடு கிடையாது. சொந்தச் சேதமும் சேர்ந்த பாலிசி வேண்டும். 5 ஆண்டைத் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வதுதான் முறை. புதுப்பித்த பில்கள், போட்டோக்கள் எல்லாவற்றையும் காட்டிப் பேசுங்கள். பேசாவிட்டால் ஏதோ ஒரு சின்னத் தொகையைப் போட்டு பாலிசியை நீட்டிவிடுவார்கள்.

வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், 2021 விதிகளின்படி 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட விண்டேஜ் எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த எண் வாங்கிய வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் கார் அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்ற காரணங்களுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். குடும்பச் சுற்றுலாவுக்கு ஆசைப்படுபவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

காலையில் வண்டி இல்லையென்றால்

முதலில் லாட்ஜ் ஆட்கள் நகர்த்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்று தெரிந்ததும் 112 அல்லது 100. 'வண்டி சென்னைப் பதிவு, நீங்க சென்னையில போய்க் கொடுங்க' என்று யாராவது சொன்னால் கிளம்பிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இணையவழியாகவும் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள், இன்ஷூரன்ஸ் நிறுவனம் எஃப்.ஐ.ஆர். கேட்கும். அதே நாளில் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள். சாவிகள் அத்தனையையும் கேட்பார்கள், பத்திரமாக வைத்திருங்கள்.

ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தால் அவசரப்பட்டு முடக்க வேண்டாம். வண்டி ஏதாவது சுங்கச்சாவடியைத் தாண்டினால் உங்கள் போனுக்கு எஸ்.எம்.எஸ். வரும். அதை உடனே விசாரணை அதிகாரியிடம் காட்டுங்கள்.

வண்டி கிடைத்துவிட்டால் அது வழக்குச் சொத்தாக நீதிமன்றப் பொறுப்புக்குப் போகும். நிலைய வளாகத்தில் மழையிலும் வெயிலிலும் ஒரு பத்மினி ஆறு மாதம் நின்றால் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். இடைக்காலமாக வண்டியை உங்களிடம் ஒப்படைக்கக் கோரி மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். பிடிபட்ட வண்டிகளைக் காவல் நிலையங்களில் நீண்ட நாள் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. மனுவோடு வைக்க வேண்டியது உங்கள் பெயரில் உள்ள ஆர்.சி.

எங்கள் பத்மினியின் ஆர்.சி. இப்போது மாமா பெயருக்கு மாறிவிட்டது. எம்ப்ளம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.