சந்தேகிக்கப்பட்டவனுக்கும் ஒரு காட்சி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எட்டு எபிசோடையும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். கொலையாளி யார் என்று ஏழாவது வரை என்னால் ஊகிக்க முடியவில்லை. கதை பின்னும் கை உனக்கு வாய்த்திருக்கிறது. ஆனால் எனக்குப் பேச வேண்டியிருப்பது, மூன்றாம் எபிசோடில் வருகிற அந்த வடமாநிலக் கட்டடத் தொழிலாளியைப் பற்றி.

போலீஸ் அவனைப் பிடிக்கிறது, லாக்கப்பில் அடிக்கிறது, அவன் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறது. அதோடு அவன் கதையைவிட்டே போய்விடுகிறான். பார்ப்பவர்களைத் திசைதிருப்ப ஓர் ஆள் வேண்டும் என்பது துப்பறியும் கதையின் பழைய வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் யாரைக் காட்டினால் சனம் சட்டென்று நம்பும் என்று தேடியபோது உன் பேனா நேராக அவனிடம் போனதே, அது ஏன் என்று யோசி. ஊர் வாயில் ஏற்கெனவே இருக்கிற சந்தேகத்தைக் கடன் வாங்கித்தான் உன் விறுவிறுப்பை உண்டாக்கியிருக்கிறாய். 'அவன் இல்லை சார்' என்ற ஒற்றை வசனத்தில் அந்தக் கடன் அடையாது. அடிவாங்குகிற முகம் மனசில் நிற்கும், வசனம் நிற்காது.

இதை வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு, டென்மார்க்கின் 'ஃபோர்ப்ரிடெல்சன்' தொடரின் முதல் சீசனைத் தேடிப் பார். சோரன் ஸ்வைஸ்ட்ருப் எழுதி 2007-இல் ஒளிபரப்பானது. ஒரே கொலை, இருபது எபிசோட். ஒவ்வொன்றும் விசாரணையின் ஒரு நாள். முதல் எபிசோடில் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு காரைத் தூக்குகிறார்கள். செத்துப்போன பெண்ணின் அப்பா அங்கே வந்து சேர்கிறார். கையில் செல்போன், மறுமுனையில் அம்மா. அந்த அம்மாவுக்கு யாரும் எதையும் சொல்வதில்லை. புருஷன் கதறுவது மட்டும் காதில் விழுகிறது.

அதே தொடரில், அந்தப் பெண்ணின் ஆசிரியர்மேல் சந்தேகம் விழுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். நிரபராதி. உன் தொழிலாளி நிற்கும் அதே இடம். ஆனால் அங்கே அந்தச் சந்தேகம் சும்மா வந்துபோவதில்லை. அவருடைய வீட்டுக்குள் நுழைகிறது, மேயர் தேர்தலில் நிற்பவரின் பிரசாரத்தைக் குலைக்கிறது, துக்கத்தில் இருக்கிற பெற்றோரையும் போய்ச் சேர்கிறது. தப்பான சந்தேகம் என்னென்ன செய்யும் என்பதே கதையாகிவிடுகிறது. கொலையாளி யார் என்று நான் சொல்ல மாட்டேன், நீயே பார்.

அவ்வளவு தூரம் போவானேன்? வெற்றிமாறனின் 'விசாரணை' படத்தில் குண்டூர் போலீசிடம் அடிவாங்குகிறவர்கள் பிழைக்கப்போன தமிழ்த் தொழிலாளிகள். மு. சந்திரகுமார் தான் பட்டதை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அதற்கு மூலம். பாஷை தெரியாத ஊரில் நம் ஆள் நின்ற இடத்தில்தான் உன் கதையில் அவன் நிற்கிறான். 2020-இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்த பிறகு, லாக்கப் அடியை இன்ஸ்பெக்டரின் கெத்துக்காக, பின்னணி இசையோடு எழுத எனக்கு மனசு வரவில்லை. உனக்கும் வரக்கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, புதுமை செய்கிறேன் என்று கொலையாளியைச் சொல்லாமல் விட்டுவிடாதே. 'ஃபோர்ப்ரிடெல்சன்' கதையை அமெரிக்காவில் 'தி கில்லிங்' என்று 2011-இல் எடுத்தார்கள். ரோஸி லார்சனைக் கொன்றது யார் என்று கேட்டே விளம்பரம் செய்தார்கள். முதல் சீசன் முடிந்தும் விடை வரவில்லை. பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் கோபம் நியாயம். கேள்வியைக் காட்டிக் கூப்பிட்டவர்கள் பதிலைக் கொடுத்தாக வேண்டும். உன் எட்டாவது எபிசோட் அதை ஒழுங்காகச் செய்கிறது. அதில் கை வைக்காதே.

ஐந்தாவதில் மட்டும் ஒன்றரைப் பக்கம் சேர். ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்த அந்தத் தொழிலாளி சைட்டுக்குப் போகிறான். மேஸ்திரி அவன் இடத்தில் வேறு ஆள் போட்டாயிற்று. பாக்கிக் கூலி கேட்கிறான். கூட இருந்தவர்கள் அவன் பையை ஷெட்டுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். அவன் பேசுவது அவன் பாஷையிலேயே இருக்கட்டும், கீழே தமிழில் போட்டுக்கொள்ளலாம். அவனுக்கு ஒரு பெயரும் வை. உன் ஸ்கிரிப்டில் இப்போது 'வடநாட்டான் 1' என்றுதான் இருக்கிறது. எழுதியதும் அந்த எபிசோடை மட்டும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்