பல்கலைக்கழகம் தரும் மின்னஞ்சல்: யாருடைய பெட்டி?

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பே பெரிய சொத்து. பிள்ளை பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் அடையாள அட்டையோடு ஒரு மின்னஞ்சல் முகவரியும் கிடைக்கிறது. பெற்றோர் கட்டண ரசீதைப் பத்திரப்படுத்துகிறார்கள். விடுதி விதிகளைப் படித்துப் பார்க்கிறார்கள். அந்த முகவரிக்கும் விதிகள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சேரும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் ஒரு குறியிட்டதோடு சரி. அந்த விதிகள் என்ன, அவை ஏன் இருக்கின்றன என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. முகவரியின் இரண்டு பாதிகள்

மின்னஞ்சல் முகவரியின் நடுவே 'அட்' என்னும் குறி இருக்கும். அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் 1971இல் தேர்ந்தெடுத்த குறி அது. அதற்கு இடப்புறம் இருப்பது ஆளின் பெயர். வலப்புறம் இருப்பது அந்த அஞ்சலைக் கையாளும் நிறுவனத்தின் பெயர். பல்கலைக்கழக முகவரியில் வலப்பாதி பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். ஆகவே முகவரியைக் கொடுப்பதும், நிறுத்தி வைப்பதும், படிப்பு முடிந்தபின் மூடுவதும் அதன் அதிகாரத்தில் உள்ளவை. மாணவர் அந்த வீட்டில் குடியிருப்பவர், உரிமையாளர் அல்லர்.

நம் நாட்டில் மின்னஞ்சல் வேரூன்றியதே கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில்தான். 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டம் ஐந்து ஐ.ஐ.டி.களையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தையும் வேறு சில அமைப்புகளையும் இணைத்தது. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். அதற்கு முன்பு ஓர் ஆராய்ச்சி மாணவர் வெளிநாட்டிலிருந்த அண்ணனுக்கு மின்னஞ்சல் எழுத விரும்பினால், பெரும்பாலும் நிறுவனத்து முகவரியைத்தான் நாட வேண்டியிருந்தது. இன்று அந்த நிலை இல்லை. சொந்த முகவரி ஒன்றைச் சில நிமிடங்களில் இலவசமாகத் தொடங்கலாம். ஆகவே எந்தக் கடிதத்தை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் பொறுப்பும் நம்முடையவை.

2. எதற்குப் பயன்படுத்தலாம்?

பல்கலைக்கழக முகவரி அதன் லெட்டர்ஹெட் போன்றது. அந்தத் தாளின் ஓரத்தில் மளிகைக் கணக்கை எழுதினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே தாளில் 'வீடு வாடகைக்கு' என்று விளம்பரம் எழுதினாலோ ஒரு கட்சிக்கு வாக்குக் கேட்டாலோ, அது பல்கலைக்கழகமே பேசுவது போல் ஆகிவிடும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் விதிகளும் இப்படியே அமைந்திருக்கின்றன. பாடம், தேர்வு, ஆராய்ச்சி, நிர்வாகம் ஆகியவற்றுக்கு முகவரியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எப்போதாவது எழுதும் சொந்தக் கடிதத்தைப் பல நிறுவனங்கள் பொறுத்துக்கொள்கின்றன. சொந்த வியாபாரம், தேர்தல் பிரசாரம், சங்கிலிக் கடிதம், பிறரைத் துன்புறுத்தும் கடிதம், வேறொருவர் பெயரில் எழுதுவது ஆகியவற்றுக்கு இடமில்லை.

நம் சங்க வாழ்விலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு காண்போம். சங்கச் செயலாளர் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என்று வைத்துக்கொள்வோம். பொங்கல் விழா நன்கொடை வேண்டி 200 குடும்பங்களுக்குத் தம் பணி முகவரியிலிருந்து கடிதம் அனுப்புகிறார். நோக்கம் நல்லதுதான். ஆனால் பெறுபவருக்குப் பல்கலைக்கழகமே நன்கொடை கேட்பது போலத் தோன்றும். அவர் ஓய்வு பெற்றபின் முகவரி மூடப்பட்டால் சங்கத்தின் பழைய கடிதங்களும் கணக்குகளும் அதோடு போகும். இருநூறு முகவரிகளையும் 'பெறுநர்' கட்டத்திலேயே இட்டிருந்தால், எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சங்கத்துக்கெனத் தனி முகவரி வைத்துக்கொண்டு, பெறுநர்களை 'பி.சி.சி.' என்னும் மறைநகல் கட்டத்தில் இடுவதே முறை.

3. யார் பார்க்க முடியும்?

கடவுச்சொல் நமக்கு மட்டும் தெரியும் என்பதால் பெட்டி நமக்கு மட்டுமே திறக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நிறுவனத்தின் கணினி நிர்வாகி கடவுச்சொல்லை மாற்றலாம், கணக்கை முடக்கலாம், எவர் எவருக்கு எப்போது எழுதினார் என்ற பதிவைப் பார்க்கலாம். நிறுவனம் பெற்றிருக்கும் வசதியைப் பொறுத்து, நாம் அழித்த கடிதத்தைக்கூட மீட்டெடுக்க முடியும். இப்படிச் செய்ய முடியும் என்பது ஒன்று. எப்போது செய்யலாம் என்பது வேறு. அமெரிக்காவில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் இதை நன்கு விளக்கும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2012இல் தேர்வில் மாணவர்கள் காப்பியடித்ததாக எழுந்த புகார் விசாரிக்கப்பட்டது. அது பற்றிய உள்கடிதம் ஒன்று பத்திரிகைக்குப் போய்விட்டது. யார் அனுப்பினார் என்று அறிய, மாணவர் விடுதிகளில் பொறுப்பு வகித்த 16 அதிகாரிகளின் கணக்குகளை நிர்வாகம் தேடியது. கடிதங்களின் உள்ளே பார்க்கவில்லை, தலைப்பு வரிகளை மட்டுமே தேடினோம் என்று நிர்வாகம் பின்னர் விளக்கியது. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது 2013 மார்ச்சில் வெளிவந்தபோது ஆசிரியர்கள் கொதித்தனர். அதன் பயனாக 2014இல் புதிய விதிமுறை வந்தது. தக்க காரணம் வேண்டும், பொறுப்பானவரின் அனுமதி வேண்டும், தேவையான அளவே பார்க்க வேண்டும், இயன்றவரை உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும், செய்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்று அது வகுத்தது.

மற்றொன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்தது. வரலாற்றுப் பேராசிரியர் வில்லியம் க்ரோனன் 2011இல் தம் மாநில அரசியலைப் பற்றி விமர்சித்து எழுதினார். அந்த மாநிலத்துக் குடியரசுக் கட்சி, பொது ஆவணச் சட்டத்தின்கீழ் அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சல்களைக் கேட்டது. க்ரோனன் பல்கலைக்கழக வேலைக்கு மட்டுமே அந்தக் கணக்கைப் பயன்படுத்தி, மற்றவற்றுக்கு வேறு கணக்கு வைத்திருந்தவர். பல்கலைக்கழகமும் மாணவர் தொடர்பான கடிதங்களையும் அறிஞர்கள் தமக்குள் நடத்திய கருத்துப் பரிமாற்றங்களையும் விலக்கிவிட்டே மற்றவற்றைக் கொடுத்தது. ஆசிரியரின் முன்னெச்சரிக்கையும் நிர்வாகத்தின் நிதானமும் சேர்ந்ததால், அந்தச் சோதனை அவரைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

4. நம் நாட்டுச் சட்டம்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமையை அரசு கட்டுப்படுத்த வேண்டுமானால் சட்ட ஆதாரமும், முறையான நோக்கமும், நோக்கத்துக்கு ஏற்ற அளவும் இருக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. இணையவழித் தனிநபர் தரவுகளுக்கென 2023இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது.

மறுபுறம், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 'தகவல்' என்பதற்குத் தரும் வரையறையில் மின்னஞ்சல்களும் வெளிப்படையாக இடம்பெறுகின்றன. தனிப்பட்ட விவரங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆயினும் அரசுப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுவோர், தம் அலுவல் கடிதத்தை ஒருநாள் வெளியார் படிக்கலாம் என்ற நினைவோடு எழுதுவது நல்லது.

5. கடவுச்சொல்லும் பெற்றோரும்

பிள்ளை வெளியூரில் படிக்கும்போது, கட்டணக் கெடு தவறிவிடுமோ என்ற கவலையில் பெற்றோர் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி வைப்பதுண்டு. அது அன்பினால் செய்வது, ஆனாலும் சரியன்று. பெரும்பாலான விதிகள், கடவுச்சொல்லை எவருக்கும் தரக்கூடாது என்கின்றன. 'எவருக்கும்' என்பதில் அம்மாவும் அப்பாவும் அடங்குவர். அந்தப் பெட்டியில் அறைத்தோழியின் உடல்நிலை பற்றிய கடிதம் இருக்கலாம். மனநல ஆலோசகருக்கு உங்கள் மகள் எழுதிய கடிதமும் இருக்கலாம். வீட்டார் படிப்பார்கள் என்று தெரிந்தால் அவள் ஆலோசகருக்கு எழுதாமலே இருந்துவிடக்கூடும். அதன் விளைவு கட்டணக் கெடு தவறுவதைவிடப் பெரிது. கட்டண அறிவிப்பு வேண்டுமானால், அந்த ஒரு கடிதத்தை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

பிரவுசிங் சென்டரில் நுழைவுச் சீட்டை அச்சிடுவதற்காகக் கடைக்காரரிடம் கடவுச்சொல்லைச் சொல்வதும் ஆபத்து. 'உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே கடவுச்சொல்லை இடுங்கள்' என்று வரும் கடிதங்கள் பெரும்பாலும் மோசடியே. பிறருடைய கடவுச்சொல்லைக் கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது.

6. படிப்பு முடியும்போது

கூகுள் நிறுவனம் கல்வி நிறுவனங்களுக்கு அளித்துவந்த வரம்பற்ற சேமிப்பிடத்தை நிறுத்தப்போவதாக 2021இல் அறிவித்தபின், பல பல்கலைக்கழகங்கள் பழைய மாணவர் கணக்குகளைக் குறைக்கத் தொடங்கின. ஆகவே கடைசிப் பருவத்திலேயே மூன்று வேலைகளை முடித்துவிட வேண்டும். வங்கி, பான் அட்டை, பாஸ்போர்ட், வேலை விண்ணப்பங்கள் ஆகியவற்றில் சொந்த முகவரியைப் பதிய வேண்டும். விதிகள் அனுமதிக்கும் கடிதங்களையும் கோப்புகளையும் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள், ஆய்வாளர் அடையாள எண்ணான ஆர்க்கிட் பதிவில் சொந்த முகவரியையும் சேர்க்க வேண்டும்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. உங்கள் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் விதிகளில், கணக்கை யார், எந்தக் காரணத்துக்காகத் திறக்கலாம் என்று எழுதியிருக்கிறதா?

2. வகுப்பு முழுவதன் மதிப்பெண்களையும் ஒரே கடிதத்தில் எல்லாருக்கும் அனுப்பும் ஆசிரியர் செய்வது சரியா?

3. நாளைக் காலை அந்தக் கணக்கு மூடப்பட்டால், உங்கள் குடும்பம் இழக்கப்போவது என்ன?

மூன்றாம் கேள்விக்கு நீண்ட பட்டியல் வந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே சொந்த முகவரி ஒன்றைத் தொடங்கிவிடுங்கள்.